பதின்மூன்று கலைச்செல்விகள்

மார்ச் 3, திங்கள்

கோவைக் கம்பெனியின் வேலை எங்களுக்குத்தான். பதினொரு மணிக்கு ஹேமலதா வந்து சொன்னார். எங்கள் கன்சல்டிங் நிறுவனத்தில் அவர் பார்ட்னர். இந்த வேலைக்கு நான் பொறுப்பாளன்.

அம்மாவுக்கு போன் செய்தேன். பொருளை உபயோகிக்கிற ஜனங்களிடம் போய்ப் பேசி, அதை எப்படி மாற்றலாம் என்று கம்பெனிக்குச் சொல்வதுதான் என் வேலை என்று ஐந்தாவது முறையாக விளக்கினேன். “கேள்வி கேக்குறதுக்கா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச?” என்றாள். போனை வைத்துவிட்டேன்.

பொருள், வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் மெஷின். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் அளவைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும். புது மாடலில் அந்தக் குரலை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் போனுக்கு மாற்றிவிடலாமா என்பது கம்பெனியின் கேள்வி.

வேலை கிடைக்கக் காரணம் நான் போட்ட ஒரு பக்கம். கலைச்செல்வி, வயது 42, ரேஷன் கடை ஊழியர், மதுரை. பயனரை இப்படி ஒரு ஆளாக வரைந்து காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். முறைப்படி, பலரிடம் பேசி முடித்த பிறகு, கேட்டதையெல்லாம் கோத்து வரைய வேண்டும். நேரமில்லை. முன்னாலேயே வரைந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது நிமிடம் பிடித்தது. முகம் இணையத்தில் எடுத்தது. வாயில் ஒரு வசனமும் வைத்தேன்: “மாமியார் ஹாலில் இருக்கும்போது மெஷின் நம்பரைச் சொன்னால், கோயில் மைக்செட்டில் என் பேரை வாசித்த மாதிரி கூசிப்போகிறது.” கம்பெனி முதலாளி ரங்கராஜன் அந்த வரியில் நின்று தலையாட்டினாராம்.

தலையாட்டத்தான் செய்வார். குரலை எடுக்க வேண்டும் என்று அவரே ஏற்கெனவே முடிவு செய்திருப்பார் என்பது என் சந்தேகம்.

வீட்டில் தண்ணீர் இல்லை. மாடி வீட்டுக்காரன் டாங்கைக் காலி செய்கிறான்.

மார்ச் 5, புதன்

மதுரையில் பதினாறு பேரிடம் பேச வேண்டும். ஆள் சேர்த்துத் தருபவர் சந்தனபாண்டி. இருபது வருடமாக சோப்பிலிருந்து டிராக்டர் வரை எல்லா ஆய்வுக்கும் அவர்தான் ஆள் பிடித்துத் தருகிறாராம். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று போனில் பத்து நிமிடம் விளக்கினேன். புரிகிற மாதிரி தெரியவில்லை. கலைச்செல்வி பக்கத்தை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன்.

“அச்சு அசலா இப்படித்தான் வேணும். ஒருத்தர் பிசகினாலும் திருப்பி அனுப்பிடுவேன்.”

“கவலய விடுங்க சார். சொன்னது சொன்னபடி நிக்கும் நம்ம ஆளுக.”

ஒரே போனில் வேலை முடிந்தது. எல்லாரும் இவரைப் போல இருந்தால் நன்றாக இருக்கும்.

நோய் விஷயம் என்பதால் பேட்டியைப் பதிவு செய்யக் கூடாது என்று கம்பெனி வக்கீல் எழுதியிருக்கிறார். கையால் குறிப்பெடுக்க மட்டும் அனுமதி, குறிப்பின் பிரதி அவ்வப்போது கம்பெனிக்கும் போக வேண்டும். இது எனக்குப் பிடிக்கவில்லை. கையால் எழுதியதை யார் சரிபார்ப்பது?

மார்ச் 6, வியாழன்

பேட்டி எடுக்கப் போவது ஜெனோவா. நாசரேத்துக்காரி, சேர்ந்து ஐந்தரை மாதம். இந்த 31ஆம் தேதியோடு அவளுக்குத் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கலாமா, அனுப்பிவிடலாமா என்று நான் எழுதித் தர வேண்டும். அவள் அப்பா வேலையை விட்டுவிட்டார், தம்பி படிக்கிறான் என்று ஹேமலதா சொன்னார். அதை ஏன் என்னிடம் சொல்கிறார்? குறிப்பு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று எழுதுவேன், அவ்வளவுதான்.

பேச்சில் மெதுவான ஆள். ஒரு கேள்வி கேட்டால் மேலே பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

மார்ச் 10, திங்கள்

முதல் நான்கு பேட்டிகளின் குறிப்பை ஜெனோவா தட்டச்சு செய்து அனுப்பிவிட்டாள். நாலு பேருக்கும் மெஷின் பேசுவது கூச்சம். ஒரு பெண் மைக்செட் என்றே சொல்லியிருக்கிறாள்! நாற்பது நிமிடத்தில் நான் ஊகித்தது. ஹேமலதாவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் காட்டிப் பதில் போட்டார்.

வண்டிக்குப் பிரேக் ஷூ மாற்றினேன். மெக்கானிக் பழையதைக் காட்டவில்லை. மாற்றினானா என்று தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

ஜெனோவாவிடமிருந்து மெயில். தலைப்பு: “ஒரு சந்தேகம்”. வழக்கம்போல நீளமாக எழுதியிருக்கிறாள். படிக்க நேரமில்லை. வார இறுதியில் பார்க்கலாம்.

குரல் இல்லாத மாடலுக்கான உத்தியைப் பதினான்காவது ஸ்லைடு வரை முடித்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

ஒன்பது பேட்டி ஆகிவிட்டது. ஒன்பதிலும் மாமியார், ஹால், மைக்செட்.

இரண்டு பேர் சொன்னால் என் ஊகம் சரி என்று அர்த்தம். ஒன்பது பேரும் ஒரே சொல்லைச் சொன்னால் வேறு அர்த்தம். சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி ஒன்பது குறிப்புகளையும் ஒப்பிட்டேன். நூற்றுக்கு எண்பத்தொன்று ஒற்றுமை. தனித்தனி மனிதர்கள் பேசினால் முப்பதைத் தாண்டாது.

ஆக, ஜெனோவா யாரிடமும் பேசவில்லை. அல்லது ஒருவரிடம் பேசிவிட்டு ஒன்பதாக எழுதுகிறாள். கலைச்செல்வி பக்கம் ஆபீஸ் டிரைவில் இருக்கிறது, அவளும் திறக்கலாம். எனக்குப் பிடித்தது என்னவென்று தெரிந்துகொண்டு அதையே எனக்குத் திருப்பிப் பரிமாறுகிறாள். மெதுவான ஆள் என்று நினைத்தேன், இல்லை.

மார்ச் 13, வியாழன்

ஒரு பொறி வைத்திருக்கிறேன். டிரைவில் இருக்கும் கலைச்செல்வி பக்கத்தில் “கோயில் மைக்செட்” என்பதை அழித்துவிட்டு “பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு” என்று மாற்றினேன். அங்கிருந்துதான் சுடுகிறாள் என்றால் அடுத்த குறிப்பில் பஸ் ஸ்டாண்டு வரும்.

தண்ணீர் விஷயமாக மாடி வீட்டுக்காரனிடம் நேரடியாகக் கேட்டேன். “நான் ஊர்லயே இல்லங்க, நேத்துதான் வந்தேன்” என்றான். டிக்கெட்டைக் காட்டு என்று கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

மேலும் இரண்டு குறிப்பு. இரண்டிலும் கோயில் மைக்செட்டே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு இல்லை.

ஆக, முன்னாலேயே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். கெட்டிக்காரி.

ஹேமலதாவிடம் போய்ச் சொன்னேன்.

“ஜெனோவாவா? அந்தப் பொண்ணு அப்படிச் செய்யுமாப்பா?”

“எண்பத்தொரு சதவீதம். கணக்குப் பொய் சொல்லாது.”

“அவகிட்ட கேட்டியா?”

“கேட்டா என்ன சொல்லுவா? ஆமான்னா சொல்லப் போறா?”

எழுதிக் கொடு என்றார். பத்து நிமிடத்தில் எழுதி அவருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் அனுப்பிவிட்டேன்: இவருடைய களக் குறிப்புகளை நம்ப முடியவில்லை, பணியை நிரந்தரமாக்குவதைப் பரிந்துரைக்கவில்லை. நேரடி ஆதாரம் வேண்டும் என்று மனிதவளத்தில் கேட்டார்கள். திங்கட்கிழமை மதுரைக்குப் போகிறேன். அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

கேஸ் புக் செய்தேன். சட்டைகளை இஸ்திரிக்குப் போட்டேன். ஜெனோவாவின் மெயில் ஞாபகம் வந்தது. இப்போது அதைப் படித்து என்ன ஆகப் போகிறது? சாக்கு ஏதாவது எழுதியிருப்பாள்.

மார்ச் 17, திங்கள்

சென்னையிலிருந்து காலை ஆறு மணி ரயில். மதியத்துக்குமேல், மாட்டுத்தாவணி பக்கம் நாங்கள் எடுத்திருக்கும் லாட்ஜ் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவைத் தட்டாமல் திறந்தேன்.

உள்ளே ஜெனோவா. எதிரே ஒரு பெண். அதாவது, பேட்டி நடந்துகொண்டிருந்தது. நான் இதை எதிர்பார்க்கவில்லை.

ஜெனோவா என்னைப் பார்த்து ஒரு விநாடி நிறுத்தினாள். “எங்க ஆபீஸ்தான்க்கா. நீங்க சொல்லுங்க” என்று தொடர்ந்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். வந்தவர் பெயர் விஜயராணி, பள்ளிக்கூடத்தில் ஆயா.

“மெஷின் நம்பர் சொல்லுறப்ப எப்படி இருக்கும்க்கா?”

“கூச்சமா இருக்கும்மா. மாமியா ஹால்ல இருக்கப்ப, கோயில் மைக்செட்டுல என் பேர வாசிச்ச மாதிரி.”

என் காதாலேயே கேட்டேன்.

ஆக, அவள் குறிப்பில் பொய் இல்லை. அப்படியானால் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வருகிறாள். இது அதைவிட மோசம்.

விஜயராணி பரிசு பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு போனதும், கீழே டீக்கடையில் வைத்து நேராகக் கேட்டேன்.

“இவங்களுக்கு யார் சொல்லிக் குடுக்குறா?”

“அதத்தான நானும் கேட்டேன்” என்றாள். “ஒரு வாரம் ஆச்சு. மெயில் போட்டேம்லா, பாக்கலியா?”

“பார்த்தேன்.”

“பாத்துட்டுமா நிறுத்தச் சொல்லல?”

டீ சூடாக இருந்தது. ஆற்றிக் குடித்தேன். நாளைக்கும் நான் உட்காருவேன் என்று சொன்னேன். “தாராளமா உக்காருங்க” என்றாள். கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வருகிறது இவளுக்கு. கோபம் நடிப்பாகவும் இருக்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

இதை நடந்தபடியே எழுதுகிறேன்.

பதின்மூன்றாவது ஆள் ஒரு ஆண். ஐம்பது வயது, பெரிய மீசை, ஆட்டோ உதிரிபாகக் கடை. பெயர் கருத்தகண்ணன். ஜெனோவா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என் மாமியா ஹால்ல இருக்கப்ப எனக்குக் கூச்சமா இருக்கும்.”

“மாமியார் உங்க கூடத்தான் இருக்காங்களாண்ணே?”

“இல்லம்மா, அவுக போய்ச் சேந்து ஒம்பது வருசமாச்சு.” கொஞ்சம் யோசித்தார். “இருங்க, ஒண்ண விட்டுட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்துப் படித்தார். “ஆங். ரேஷன் கடையில வேல.”

எழுந்து போய்த் தாளை வாங்கிப் பார்த்தேன். பளபளப்பான கலர் பிரிண்ட். கலைச்செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே எங்கள் நிறுவனத்தின் பெயர். கீழே சின்ன எழுத்தில்: தயாரித்தவர் நன்மாறன்.

என் பெயர்.

சந்தனபாண்டியை வரச் சொன்னேன். கால்மணி நேரத்தில் வந்தார்.

“என்ன சார் இப்புடிக் கேக்குறீக? நீங்கதான அனுப்புனீக? அச்சு அசலா இப்புடித்தான் வேணும், பிசகுனா திருப்பி அனுப்பிருவேன்னு சொன்னீகல்ல? ஆளுக்கு ஒரு கலர் பிரிண்ட்டு போட்டுக் குடுத்தேன். வாசிக்கத் தெரியாதவுகளுக்கு நானே ரெண்டு தரம் வாசிச்சுக் காமிச்சேன். ஒரு ஆள் பிசகலயே சார்! இந்த மீசக்காரருதான் கொஞ்சம் சொதப்பிட்டாரு.”

“ஆள் அப்படி இருக்கணும்னு சொன்னேன். அப்படிப் பேசணும்னா சொன்னேன்?”

“பேச வேணாம்னா எதுக்கு சார் அம்புட்டு வசனம் எழுதுனீக?”

ஜெனோவா சிரிக்கவில்லை. கருத்தகண்ணனின் வலது கையைப் பிடித்து உள்ளங்கையை மேலே திருப்பினாள்.

“மாறன், இங்க பாருங்க. விரல் நுனி. ஏதாவது தெரியுதா?”

கொஞ்சம் கிரீஸ் கறை. வேறொன்றும் இல்லை.

“எங்கப்பா பன்னெண்டு வருஷமா குத்துறாங்க. நுனியெல்லாம் கறுப்புப் புள்ளியா, தோல் தடிச்சுப் போயிருக்கும். இவங்க பதிமூணு பேர்ல ஒருத்தர் கையிலயும் அது இல்ல. மெயில்ல எழுதினேனே.”

“ஆமா” என்றேன்.

கருத்தகண்ணன் பிளாஸ்க் உண்டா இல்லையா என்று கேட்டார். கொடுத்து அனுப்பினோம்.

மார்ச் 19, புதன்

லாட்ஜுக்குப் பின்சந்தில் பேச்சியம்மாள் என்பவர் இட்லிக்கடை வைத்திருக்கிறார். ஜெனோவா தினமும் அங்கேதான் சாப்பிடுகிறாள். சட்னி ஊற்றும்போது விரல் நுனியைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அவர் மூலமாக இன்னொருவர், அவர் மூலமாக மற்றொருவர் என்று இந்த ஒரு வாரத்தில் ஏழு நிஜ நோயாளிகளிடம் பேசித் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். யாரும் கேட்காமல்.

சரிபார்க்க வேண்டும் என்றேன். “வாங்க” என்று கூட்டிக்கொண்டு போனாள்.

பேச்சியம்மாளுக்கு சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. இட்லியைத் தொட்டுத்தான் எண்ணுகிறார். மெஷின் கோவைக் கம்பெனி மெஷின்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் துணி போட்டு மூடியிருந்தது.

“இது சத்தமா நம்பரைச் சொல்லுதே, கூச்சமா இல்லையா?” என்று கேட்டேன்.

“என்னத்துக்குக் கூச்சம்? எனக்கு ரூவாத் தாளே தெரியல. இது வாயத் தொறந்து சொன்னாத்தானய்யா எனக்குத் தெரியும்?” பிறகு சுவரைத் தட்டிக் காட்டினார். “அந்தப் பக்கம் மும்தாஜு இருக்கா. இது நானூறுன்னு சொல்லுச்சுன்னா அவளுக்குக் கேட்டுரும். அடுப்புல என்ன இருந்தாலும் போட்டுட்டு ஓடியாந்துருவா. போன மாசம் நான் மயங்கிக் கெடக்கயில அவதான் ஆட்டோ புடிச்சது.”

“குரல் இல்லாம, போன்ல வர்ற மாதிரி செஞ்சா?”

“போன்ல வந்தா மும்தாஜுக்கு எப்படிய்யா கேக்கும்?”

பதினான்காவது ஸ்லைடு நினைவுக்கு வந்தது. மூன்று இட்லி சாப்பிட்டேன். இலையை எடுக்கும்போது அவருடைய விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் கறுப்புப் புள்ளிகள்.

மார்ச் 20, வியாழன்

சென்னை. ஹேமலதாவுக்கு மெயில் எழுதினேன். அனுப்பவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அமைதியாக யோசித்தால், தவறு சந்தனபாண்டியுடையது. வாட்ஸ்அப்பில் வந்த பக்கத்தை ஆட்களுக்குக் கொடு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஜெனோவா போன் செய்திருக்கலாம். சந்தேகம் என்றால் மெயில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்களா?

டிரைவில் கலைச்செல்வி பக்கம் உருவான தேதியை மாற்ற முடியுமா என்று பார்த்தேன். முடியாது. சும்மா தொழில்நுட்ப ஆர்வம்தான்.

மார்ச் 24, திங்கள்

பிளம்பர் வந்தார். டாங்குக்குக் கீழே குழாயில் விரிசல். ராத்திரி பகலாக அங்கேதான் தண்ணீர் போயிருக்கிறது. மாடி வீட்டுக்காரன் படியில் எதிரே வந்தான். நான் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

ஜெனோவாவை 28ஆம் தேதி மனிதவளப் பிரிவில் கூப்பிட்டிருக்கிறார்கள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. “நிரந்தரமாக்கத்தான் கூப்பிடுறாங்களா இருக்கும்” என்று பக்கத்து சீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கும் சொல்லிவிட்டாளாம்.

ஹேமலதாவைப் பிடித்து, அந்த ஏழு பேட்டிகளை வைத்துத்தான் கோவையில் பேசப் போகிறேன், குரலை எடுக்கக் கூடாது என்று சொன்னேன்.

“அப்ப அந்தப் பதிமூணு?”

“ஆள் சேர்ப்பில் நேர்ந்த பிழைன்னு ஒரு ஸ்லைடு போட்டிருக்கேன்.”

“ஜெனோவா பண்ணினதா, ஆள் சேர்த்தவர் பண்ணினதா?”

“ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ.”

இதை நான் சொன்னேன். எழுதி வைக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

கோவை. மீட்டிங் அறையில் ரங்கராஜன், அவருடைய ஆட்கள் நாலு பேர், ஹேமலதா, நான்.

பேச்சியம்மாளைப் பற்றிச் சொன்னேன். ஏழு பேரின் விரல் நுனிகளை ஜெனோவா நோட்டில் வரைந்து வைத்திருந்தாள், அதைக் காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கத்து மும்தாஜ் கதை வந்தபோது ரங்கராஜன் பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்ப குரலை எடுத்தரக் கூடாதுங்கறீங்க.”

“கூடாது. சத்தத்தை இன்னும் கூட்டணும்.”

“சரிங்க. இன்னொண்ணு கேக்கோணும். முன்னாடி ஒரு பதிமூணு பேரு ரிப்போர்ட்டு அனுப்பிச்சீங்கல்லங்க. எடுத்தர்லாம்னு அத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தாங்களே. அது எப்படிங்க அப்படி?”

பிழை ஸ்லைடுக்கு இன்னும் இரண்டு ஸ்லைடு இருந்தது. ஹேமலதா என்னைப் பார்த்தார். அவரே ஆரம்பித்தார்.

“அது எங்க கள ஆய்வாளர் ஒருத்தங்க, புதுசா சேர்ந்த பொண்ணு. அவங்க தரப்புல சில கோளாறு. நாங்க நடவடிக்கை…”

“இல்ல” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“அந்தப் பதிமூணு பேட்டியும் நான் எழுதினது. ஒருத்தரையும் பார்க்கிறதுக்கு முன்னாடி, ஆபீஸ்ல உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். உங்களுக்குப் பிடிச்சதே, அந்தக் கலைச்செல்வி பக்கம். அதை ஆள் சேர்க்கிறவருக்கு அனுப்பினேன். அவர் அதைப் பிரிண்ட் போட்டு எல்லாருக்கும் குடுத்து ஒப்பிக்க வச்சுட்டார். அந்தப் பொண்ணு அவங்க சொன்னதைச் சொன்னபடி எழுதுச்சு. இந்த ஏழு பேரையும் கண்டுபிடிச்சதும் அதே பொண்ணுதான்.”

ரங்கராஜன், “அந்த மைக்செட்டுங்கூட நீங்க எழுதினதுதானுங்களா?” என்றார்.

“ஆமா.”

“எங்கூட்ல அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சமுங்க” என்றார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

திரும்பி வரும் ரயிலில் திருப்பூர் தாண்டியதும் ஹேமலதா கேட்டார்.

“உன் லெட்டரை என்ன பண்ணச் சொல்ற?”

“கிழிச்சிடுங்க.”

“மெயிலை எப்படிப்பா கிழிக்கிறது? நாளைக்குப் பதினோரு மணிக்கு அவளைக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்குள்ள நீயே எழுது. யார் யாருக்கு அனுப்பினியோ அத்தனை பேருக்கும்.”

மார்ச் 28, வெள்ளி

முதல் கடிதம் பத்து நிமிடத்தில் எழுதியது. இரண்டாவதை விடிந்ததிலிருந்து எழுதி பத்தே முக்காலுக்கு அனுப்பினேன். ஐந்து வரிதான். ஒவ்வொரு தடவையும் சந்தனபாண்டி உள்ளே வந்துவிட்டார், ஒவ்வொரு தடவையும் அவரை அழிக்க வேண்டியிருந்தது.

இனி நான் வரையும் எந்தப் பக்கமும் ஹேமலதா பார்க்காமல் வெளியே போகக் கூடாதாம். நியாயம்தான். ரங்கராஜன் அடுத்த கட்ட வேலையைத் தருவாரா என்று தெரியவில்லை.

மார்ச் 31, திங்கள்

ஜெனோவாவின் வேலை நிரந்தரமாகிவிட்டது. மதியம் என் மேசைக்கு வந்தாள். கையில் கடிதம்.

“ரெண்டு லெட்டரையும் காட்டினாங்க” என்றாள்.

“ம்.”

“நன்றின்னு சொல்லணுமா என்னன்னு தெரியல மாறன். அதான் ஒண்ணும் சொல்லாம இருக்கேன்.”

“வேண்டாம்.”

“வேற டீம் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். நாளையிலேருந்து.”

“நான் சந்தேகப்பட்டதாலயா?”

மேலே பார்த்தாள், வழக்கம்போல. நான் அவசரப்படுத்தவில்லை.

“சந்தேகப்படுறது தப்பில்ல. நானும் அந்த ஆளுங்களச் சந்தேகப்பட்டேன். ஆனா நான் கையப் புடிச்சுப் பாத்தேம்லா? நீங்க என்னைய ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.”

போய்விட்டாள்.

அவள் போன பிறகு அந்த மெயிலைத் தேடி எடுத்தேன். 11ஆம் தேதி, மாலை 4.10. இன்னும் திறக்காத மெயில் என்பதால் தலைப்பு தடித்த எழுத்தில் இருந்தது. திறந்தேன்.

“மாறன், இதுவரை வந்தவங்க யார் விரல்லயும் குத்தின அடையாளம் இல்லை. எல்லாரும் ஒரே வசனத்தைச் சொல்றாங்க, யாரோ எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு. நாளைக்கு வர்றவங்களை நிறுத்தட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அவ்வளவுதான். போனில் மொத்தமும் ஒரே திரையில் தெரிகிறது.

இந்த நோட்டில் 11ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். “வழக்கம்போல நீளமாக எழுதியிருக்கிறாள்” என்று என் கையெழுத்தில் இருக்கிறது.